இருட்டறையும் இருபாற்பூவும்

மூடிய அறைக்குள் மின்விளக்கு வைத்துக் கஞ்சா வளர்ப்பவர்களிடையே ஒரு விதி கேள்வி கேட்கப்படாமல் புழங்குகிறது. செடிக்கு இரவு என்று ஒதுக்கிய 12 மணி நேரத்தில் ஊசிமுனை வெளிச்சம் உள்ளே வந்தாலும் பெண் செடி கலங்கிப்போய் ஆண்பூ வைத்துவிடும் என்பதே அந்த விதி. கதவிடுக்கு, காற்றுக் குழாயின் வாய், குளிரூட்டியில் மினுங்கும் சிவப்புப் பொட்டு என ஒன்று விடாமல் கறுப்பு நாடா ஒட்டி அடைக்கச் சொல்கிறார்கள். ‘லைட் லீக்’ என்றால் அவர்களுக்கு அது நோயின் பெயர் மாதிரி. இந்த விதியில் எவ்வளவு தாவரவியல், எவ்வளவு அச்சம் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய காலம் இலங்கைக்கு வந்திருக்கிறது.

பள்ளிவாசல்துறையில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. கற்பிட்டிக் கரைக்குக் கஞ்சா படகில் வருகிறது. பொதிக்குப் பெயர் ‘கேரள கஞ்சா’. ஆனால் அந்தப் பெயரில் வரும் பல பொதிகள் ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் திறந்த வெயிலில் விளைந்து, தமிழ்நாட்டுக் கரை தொட்டு, பீடி இலை மூட்டைகள் வரும் அதே கடல் வழியாக வருபவை. கற்பிட்டியிலுள்ள விஜய கடற்படை முகாமின் ஆட்கள் பிடிப்பதும், பிடிபடாதது போய்ச் சேருவதும் இங்கே செய்தியாகக்கூட யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. இரண்டாவது வகை கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப் பெட்டிக்குள் வருகிறது. ‘குஷ்’ என்று அழைக்கப்படும் இந்தச் சரக்கு பெரும்பாலும் தாய்லாந்தில் அறைக்குள் வளர்க்கப்பட்டது. 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. இடைப்பட்ட 3 ஆண்டுகளில் அங்கே பெருகிய இருட்டறைகளின் விளைச்சல்தான் சென்னை விமான நிலையத்திலும் கட்டுநாயக்கவிலும் பிடிபட்டுக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வகை அரசின் பெயரால் வருவது. 2022 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக்கான கஞ்சாப் பயிர்ச்செய்கை பற்றி ஆராய நிபுணர் குழு முன்மொழியப்பட்டது. 2025 ஆகஸ்டில், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 7 பேருக்கு மீரிகமவில் 64 ஏக்கரில் மருத்துவக் கஞ்சா வளர்க்க அனுமதி என்று ஆயுர்வேத ஆணையாளர் அறிவித்தார். விளைவது எல்லாம் ஏற்றுமதிக்கு மட்டும்.

மலையில் விளைந்தது, அறையில் விளைந்தது, உரிமத்தோடு விளையப்போவது. மூன்றாவது எந்த வழியில் போகவேண்டும் என்பதே கேள்வி. அறை வழியை நியாயப்படுத்தச் சொல்லப்படும் முதல் காரணங்களில் ஒன்று ‘இருட்டை நம் கையில் வைத்திருக்கலாம், இருபால் செடி வராது’ என்பது. ஆகவே அந்தக் காரணத்தை எடைபோடாமல் மற்றதைப் பேச முடியாது.

கஞ்சாவில், நம் கரையோரப் பனையைப் போலவே, ஆண் மரபும் பெண் மரபும் தனித்தனிச் செடிகள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தம், ஆணுக்கு எக்ஸ், வை. மருந்துக்கான பிசின் திரள்வது கருவுறாத பெண்பூவில். ஒரு ஆண் செடியின் மகரந்தம் அறை முழுதையும் விதை பிடிக்க வைக்கும். விதை பிடித்த பூவின் சத்து விதைக்குப் போகும், மருந்தின் தரம் இறங்கும். ஆண் செடியை இளமையிலேயே அடையாளம் கண்டு பிடுங்கிவிடலாம். பெண் செடி ஒன்று தன் பூக்கொத்துக்குள் சில மஞ்சள் மகரந்தப் பைகளை ஒளித்து வைத்தால் அதைக் காண்பது கடினம். இருபாற்பூ பற்றிய பயத்துக்கு உண்மையான பொருளாதாரக் காரணம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

விதியின் முதல் பாதி வெளிச்சத்துக்கும் பூப்புக்கும் உள்ள தொடர்பு. இதற்குச் சான்று பலமானது. 1920 இல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பூக்க மறுத்து உயரமாக வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை வகையை வைத்து, செடி பகலின் நீளத்தை அறிகிறது என்று காட்டினார்கள். ஒளிக்காலத்துவம் என்ற துறையே அதிலிருந்து பிறந்தது. 1938 இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியில் இன்னும் கூர்மையான ஒன்றைக் கண்டார்கள். செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடைமுறியாத இரவை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் காட்டினாலே அது பூக்காமல் நின்றது. 1950களில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் இந்த அளவைச் செய்யும் நிறமி எது என்று துலக்கினார்கள். பைட்டோகுரோம் எனப்படும் அது சிவப்பு ஒளியில் ஒரு வடிவத்துக்கும், கண்ணுக்கு எட்டியும் எட்டாத தூரச்சிவப்பு ஒளியில் மற்ற வடிவத்துக்கும் மாறுகிறது. கஞ்சாவும் குறும்பகல் தாவரம். அதே நிறமி, அதே கணக்கு. தெருவிளக்கின் கீழிருக்கும் பாத்தியில் ஒளியுணரும் நெல் வகை மட்டும் கதிர் தள்ளாமல் பச்சையாக நிற்பதும் இதனால்தான்.

இரவில் வெளிச்சம் பட்டால் கஞ்சாவின் பூப்பு தாமதிக்கும், பூக்கத் தொடங்கியது மறுபடி இலை விடும். இவ்வளவும் நிலைத்த அறிவு. விதி இங்கே நிற்காமல் ஒரு பெரிய எட்டு வைக்கிறது. பூப்பு தாமதிப்பது வேறு, பெண் ஆணாவது வேறு. முன்னதற்கான சான்றைக் காட்டி, பின்னதை நிறுவிவிட்டதாக நினைப்பதில்தான் பிழை இருக்கிறது.

பகல் நீளத்துக்கும் கஞ்சாவின் பாலுக்கும் தொடர்பு உண்டா என்று முதலில் கேட்டவர்களில் ஒருவர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஷாஃப்னர். 1923 இல் வெளியான அவருடைய ஆய்வும், அடுத்த ஆண்டு வந்த மெக்ஃபி என்ற ஆய்வாளரின் ஆய்வும், குளிர்காலக் குறும்பகலில் கண்ணாடிக் குடிலுக்குள் வளர்ந்த சணற்கஞ்சாவில் பால் கலப்பது மிகுதி என்று காட்டின. இதைக் கூர்ந்து படிக்க வேண்டும். அங்கே குழப்பத்தோடு சேர்ந்து வந்தது நீண்ட இரவு. இரவில் புகுந்த வெளிச்சம் அல்ல. நூறாண்டுப் பழைய இந்த முடிவு இன்றைய விதிக்கு ஆதரவாக அடிக்கடி இழுக்கப்படுகிறது. ஆனால் அது சொல்வது, ஒளிச்சூழல் பாலைத் தொடக்கூடியது என்பதை மட்டுமே. கதவிடுக்கின் கீற்றைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

அடுத்த பெரிய வெளிச்சம் நம் பக்கத்திலிருந்து வந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் எச். ஒய். மோகன் ராம் தம் சக ஆய்வாளர்களோடு 1970 முதல் 1982 வரை கஞ்சாவின் பாலைத் தீர்மானிக்கும் வளர்ச்சிப் பொருட்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். எத்திலீன் என்ற வளர்ச்சிப் பொருளை விடுவிக்கும் மருந்து தெளித்தபோது ஆண் செடி பெண்பூ வைத்தது. ஜிப்ரலின் என்ற இன்னொரு வளர்ச்சிப் பொருளைக் கொடுத்தபோது பெண் செடி ஆண்பூ வைத்தது. எத்திலீனைச் செடி உணராதபடி வெள்ளி உப்பு தடுத்தபோது, மரபில் முழுக்கப் பெண்ணான செடி வளமான மகரந்தத்தோடு ஆண்பூ வைத்தது. நூற்றாண்டின் முதல் பாதியில் ஊகமாக இருந்ததை இந்த வரிசை இயங்கும் முறையாக்கிக் காட்டியது: பெண்மரபுச் செடிக்குள் ஆண்பூ வைக்கும் திறன் எப்போதும் இருக்கிறது, எத்திலீன் அதை அடக்கி வைத்திருக்கிறது. பெண் செடி மட்டுமே தரும் என்று உலகெங்கும் இன்று விற்கப்படும் ‘பெண் விதை’ வணிகத்தின் அடித்தளத்தில் தில்லியின் இந்த வேலை இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

கற்பிட்டித் தோட்டக்காரருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல, பெயர்தான் புதிது. பூசணியிலும் பாகலிலும் ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே வரும். நீண்ட பகலும் வெக்கையும் சேர்ந்தால் ஆண்பூ மிகும், காய் குறையும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இளங்கொடியில் எத்ரல் தெளிக்கச் சொல்வது பெண்பூவைக் கூட்டத்தான். எத்ரல் விடுவிப்பதும் எத்திலீனையே. கொடிக்காய்த் தோட்டத்தில் எவரும் ‘ராத்திரி யாரோ டார்ச் அடித்ததால் ஆண்பூ கூடிவிட்டது’ என்று சொல்வதில்லை. வகை என்ன, வெயில் எப்படி, தண்ணீர் எப்படி, உரம் எவ்வளவு என்று கேட்பார்கள். அறைக்குள் கஞ்சா வளர்ப்பவர்களும் அந்த வரிசையில்தான் கேட்கவேண்டும்.

முதலில் வகையைக் கேட்க வேண்டும் என்பதற்கு மிக நேரடியான சான்று 2020 இல் கனடாவிலிருந்து வந்தது. சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் புன்ஜாவும் ஹோம்ஸும், வணிக நோக்கில் உள்ளரங்கில் வளர்ந்த செடிகளை ஆராய்ந்தார்கள். 3 வகைகளில் 5 முதல் 10 விழுக்காடு வரை இருபாற்பூக்கொத்து தானாகவே தோன்றியிருந்தது. அது கட்டுப்படுத்திய ஒளி, கட்டுப்படுத்திய வெப்பம், உரிமம் பெற்ற நிறுவனத் தரம் எல்லாம் உள்ள சூழல். அந்தப் பூக்களில் பிடித்த விதைகளை முளைக்க வைத்தபோது பிறந்தவை எல்லாம் பெண். தாயின் பங்கும் தந்தையின் பங்கும் ஒரே பெண்மரபிலிருந்து வந்தால் அப்படித்தான் ஆகும். நன்றாக அடைத்த அறையிலும் இருபாற்பூ வரும் என்றால், அடைப்பை முதற்காரணமாக வைப்பதற்கு இடமில்லை. அந்தச் சுபாவம் வகையோடு பிறக்கிறது. அப்படிப்பட்ட செடியிலிருந்து விதை எடுத்துப் பரப்பினால் சுபாவமும் பரவும்.

வெளிச்சக் கீற்றின் அளவையும் பார்க்க வேண்டும். பூரண நிலவு தரையில் தருவது மிக உயர்ந்தால் 0.3 லக்ஸ் அளவுதான். பியூனிங் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் 1969 இல், நிலவொளி கூடச் சில செடிகளின் இரவுக் கணக்கில் குறுக்கிடலாம் என்றும், இரவில் இலை மடிவது அதைத் தவிர்க்கும் தகவமைப்பாக இருக்கலாம் என்றும் எழுதினார். ஆகவே சிறு ஒளிக்கு அறவே மதிப்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆந்திர மலைச் சரிவுகளில் மாதாமாதம் பௌர்ணமி காய்கிறது, செடி பூக்கிறது, விளைச்சல் நம் கரைவரை வருகிறது. நிலவைவிட மங்கலான ஒரு கீற்று செடியின் பாலையே புரட்டிவிடும் என்பவர் அதற்கான சான்றைக் காட்டக் கடமைப்பட்டவர்.

அவர்கள் காட்டும் சான்று பெரும்பாலும் இப்படி இருக்கும்: விதை கண்டேன், தேடினேன், ஓட்டை இருந்தது. இது சான்றாகாது. ஓட்டை இருந்தும் விதை வராத அறைக்காரர் தேடுவதே இல்லை, ஆகவே அவர் சாட்சி சொல்ல வருவதும் இல்லை. விதை கண்ட அதே அறையில் வெக்கை இருந்திருக்கலாம், அறுவடை தாமதித்திருக்கலாம், வாங்கிய விதையே இருபால் தாயிலிருந்து வந்திருக்கலாம். ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்த பதியன்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரவில் அளந்த ஒளியும் மறு பாதிக்கு முழு இருட்டும் கொடுத்து, ஆண்பூக்களை எண்ணினால்தான் வழக்கு முடியும். விதி எவ்வளவு உரக்கச் சொல்லப்படுகிறதோ அந்த அளவுக்கு இப்படிப்பட்ட எண்ணிக்கை அதன் பின்னால் நிற்கவில்லை.

விதியின் மறுமுனையும் ஆட்டம் காண்கிறது. 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்பதைப் பிசகக்கூடாத வாய்பாடாகவே பலர் வைத்திருந்தார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்திலிருந்து 2024 இல் வந்த ஆய்வு இரண்டு வகைகளை 12 மணி, 13 மணி வெளிச்சத்தில் ஒப்பிட்டது. 13 மணியில் விளைச்சல் கணிசமாகக் கூடியது. ஒழுங்காக வரும் கூடுதல் வெளிச்சத்தைச் செடி தாங்குகிறது. ஒழுங்கு தவறி இன்று ஒரு நேரம், நாளை ஒரு நேரம் என்று விழும் ஒளியைப் பற்றிய எச்சரிக்கையில்தான் நியாயம் மிச்சம் இருக்கிறது.

இந்த ஒழுங்கு என்ற இடத்தில்தான் நம் நாட்டின் நிலைமை உள்ளே வருகிறது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடே இருண்டது. அந்த அதிர்ச்சியில் நின்ற நுரைச்சோலை மின்பிறப்பாக்கிகள் உடனே திரும்பாததால் அடுத்த நாட்களிலும் வெட்டு வந்தது. நுரைச்சோலை நமக்கு அடுத்த ஊர். மின்சாரம் போய் வரும்போது சாதாரண நேரக்கருவி பின்தங்கிவிடும். அதன்பின் செடியின் நள்ளிரவில் அறை விளக்கு முழு வீச்சில் எரியும். சுவரில் ஓட்டையே இல்லாமல் நடக்கும் மிகப்பெரிய லைட் லீக் அதுதான். கறுப்பு நாடா அதை அடைக்காது.

இனி இடம். பள்ளிவாசல்துறை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகல் ஜூனில் சுமார் 12 மணி 35 நிமிடம். மிகக் குறுகியது டிசம்பரில் சுமார் 11 மணி 40 நிமிடம். கனடாவிலும் நெதர்லாந்திலும் கோடைப் பகல் 16 மணியை எட்டும். பயிரைப் பூக்க வைக்க அங்கே இருட்டை உருவாக்க வேண்டும், குளிர்காலத்தில் வெளிச்சத்தையும் உருவாக்க வேண்டும். அந்த நாடுகளின் தேவையில் பிறந்ததுதான் இருட்டறை. நம் வானத்தின் கீழ் பூப்புக்குப் போதிய இரவு ஆண்டு முழுதும் இலவசமாகக் கிடைக்கிறது. இங்கே சிக்கல் நேர் எதிரானது. குளிர்நாட்டு வகையைக் கொண்டுவந்து நட்டால் அது வளர்வதற்குள் பூத்துவிடும். ஓசூர்ப் பக்கம் செவ்வந்திக் குடில்களில் செய்வதைப்போல் தொடக்க வாரங்களில் இரவில் சிறிது நேரம் விளக்கு எரித்துப் பூப்பைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். கனடாக்காரர் எதை அடைக்கப் பணம் செலவிடுகிறாரோ, அதை நாம் விரும்பிக் கொடுக்க வேண்டிய இடம் இது.

வெளிச்சம் ஏராளமாக உள்ள கரையில் சுவர் எழுப்பி அதை வெளியே நிறுத்திவிட்டு, நிலக்கரியை எரித்து உள்ளே வெளிச்சம் செய்வது என்னால் ஏற்க முடியாத கணக்கு. ஈவன் மில்ஸ் என்ற ஆய்வாளர் 2012 இல் அமெரிக்காவின் உள்ளரங்கக் கஞ்சா அந்நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய 1 விழுக்காட்டை உண்பதாக மதிப்பிட்டார். 2021 இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு, ஒரு கிலோ உலர்பூவுக்கு 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம் என்று கணக்கிட்டது. மிகக் குறைந்த இடம் கலிபோர்னியாவின் லாங் பீச். மிக உயர்ந்த இடம் ஹவாயின் ஓவாஹு தீவு. இரண்டும் கடற்கரைதான். வெப்பமண்டலத் தீவின் ஈரக்காற்றை உலர்த்திக் குளிர வைப்பதும், எண்ணெய், நிலக்கரியில் ஓடிய மின்சாரமும் சேர்ந்து ஹவாயை அந்த உச்சிக்குக் கொண்டுபோயின. நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தின் நிழலில், உப்புக்காற்று குளிரூட்டியின் இரும்பைத் தின்னும் இந்தக் கரையில் இருட்டறை கட்டினால், அது லாங் பீச் போல ஆகாது.

அறையின் பக்கத்து வாதத்தையும் அதன் முழுப் பலத்தோடு கேட்க வேண்டும். மருந்துக்குப் போகும் பூவில் பூஞ்சணம் இருக்கக்கூடாது, பூச்சிமருந்து எச்சம் இருக்கக்கூடாது, ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு கூடாது. மழைக்காலத்தில் திறந்த வெளியில் அடர்ந்த பூக்கொத்து அழுகும். மீரிகம ஈர வலயம். அங்கே இந்த அபாயம் பெரிது. பக்கத்து ஊரில் யாரோ மறைவாக வளர்த்த ஆண் செடியின் மகரந்தம் காற்றில் வந்தாலும் வயல் முழுதும் விதை பிடிக்கும். அதோடு ஒப்பிட்டால் கதவிடுக்குக் கீற்று அற்பம். சுவர் இங்கே உண்மையில் உதவுகிறது. உள்நாட்டு வைத்தியத் தேவைக்கு நீதிமன்றம் விடுவிக்கும் பறிமுதல் கஞ்சாவை ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனம் பெற்றுவந்த வழக்கமும் இந்த வாதத்துக்கே பலம் சேர்க்கிறது. எங்கே விளைந்தது, எதில் நனைந்தது, எத்தனை மாதம் களஞ்சியத்தில் கிடந்தது என்று தெரியாத சரக்கு மருந்தாகக்கூடாது. தரமான உரிமப் பயிர் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இந்த நியாயங்கள் கூரையையும் வலையையும் காற்றோட்டத்தையும் கேட்கின்றன. இருட்டைக் கேட்கவில்லை. ஒளி புகும் கூரை, மழை புகாத பக்கம், பூச்சி தடுக்கும் வலை உள்ள குடில் பூஞ்சணத்தையும் மழையையும் பெருமளவு தடுக்கும். வெளிச்சம் சூரியனுடையதாக இருக்கும். வலை மகரந்தத்தை முழுதாக நிறுத்தாது என்பது மெய். அதற்கு மருந்து சுற்றுவட்டாரக் கண்காணிப்பு.

தீர்ப்பு இதுதான். வெளிச்சக் கசிவு பூப்பைக் குலைக்கும் என்பது மெய். அது இருபாற்பூவின் முதற்காரணம் என்பது நிறுவப்படாதது. முதற்காரணம் வகையின் மரபு, அடுத்தது வெக்கையும் ஒழுங்கற்ற நேரமும் போன்ற அழுத்தங்கள், அதற்கும் பின்னால்தான் கதவிடுக்கு. அந்த மூன்றாம் இடத்துக் காரணத்தைக் காட்டி இலங்கையில் இருட்டறை கட்ட அனுமதி கேட்பவரின் விண்ணப்பம் அறிவியல் அடிப்படையில் பலவீனமானது, மின்சார அடிப்படையில் தவறானது.

கற்பிட்டி? வெயில் இங்கே மீரிகமவைவிடத் தாராளம், மழை குறைவு. ஆனாலும் இந்தக் குடாநாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். மணலுக்குக் கீழே மெல்லியதாக நிற்கும் நன்னீரை மிளகாயும் வெங்காயமும் ஏற்கனவே உறிஞ்சுகின்றன. உரத்தின் நைத்திரேற்று கிணற்றுக்குள் இறங்கியிருப்பது பல ஆய்வுகளில் பதிவானது. குடிநீரைப் பங்கு கேட்கும் இன்னொரு பயிருக்கு இங்கே இடமில்லை.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. 1929 ஆம் ஆண்டின் நஞ்சு, அபினி, அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. காணொளி பார்த்து அலுமாரிக்குள் விளக்கு மாட்டி ஒரு செடி வைத்தாலும் குற்றம் குற்றம்தான். மீரிகம உரிமம் பெரும் முதலீட்டோடு வருபவருக்கு. படகில் பொதி சுமப்பவனுக்கும் பின் அறையில் தொட்டி வைப்பவனுக்கும் கிடைப்பது விளக்கமறியல். இந்த ஏற்றத்தாழ்வு எனக்குக் கோபம் தருகிறது. அதைச் சட்டத்தைத் திருத்திச் சரிசெய்யக் கேட்க வேண்டுமே தவிர, ஒரு பையனின் வாழ்க்கையை வைத்துச் சோதித்துப் பார்க்கக்கூடாது.

உரிமம் வழங்குவோரிடம் இரண்டு கேட்கிறேன். ஒவ்வொரு தாய்ச்செடி வரிசையிலும் எத்தனை செடி ஆண்பூ வைத்தது என்று தொகுதிவாரியாக எண்ணிப் பதிந்து, 2 பருவம் தொடர்ந்து பால் கலங்கும் வரிசையை அழிக்க வேண்டும். ஒரு கிலோ உலர்பூவுக்கு எத்தனை அலகு மின்சாரம் போனது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இரண்டும் அச்சில் வந்தால், எந்த அறைக்கு எந்தச் சுவர் தேவை என்பதை எவரும் வாய்மொழியாக வாதாட வேண்டியிராது.